ஒரு சொல், மூன்று தொழில்: கைப்பட அமைக்கும் மூன்றுசக்கர மிதிவண்டியும் அதன் பிரேக்கும்

தொழில்நுட்பத்தைத் தமிழில் விளக்க இயலுமா என்னும் வினா நம் மன்றங்களில் அடிக்கடி எழுகிறது. விடை கூறுவோர் பெரும்பாலும் கலைச்சொற்பட்டியல் ஒன்றை முன்வைப்பர். நாம் இப்பொழிவில் வேறு வழியை மேற்கொள்கிறோம். எளிய கருவி ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் இயக்கத்தைத் தொடக்கம்முதல் இறுதிவரை தமிழிலேயே எண்ணிப் பார்க்கப் போகிறோம். அக்கருவி, வீட்டுப் பட்டறையில் குறைந்த செலவில் அமைக்கப்படும் மூன்றுசக்கர மிதிவண்டியின் பிரேக். பிழையாகச் செய்தால் உயிரை வாங்கும் கருவி இது. ஆதலின், இதனைப் பற்றிய விளக்கத்தில் சொல் தெளிவாக இருப்பது வெறும் மொழியழகு அன்று, பாதுகாப்பும் ஆகும்.

சிலிம் ரிவரும் மிதிவண்டியும்

பேராக் மாநிலத்தின் தென்பகுதியில், தஞ்சோங் மாலிமுக்கும் தாப்பாவுக்கும் இடையே, பழைய கூட்டரசுச் சாலையை ஒட்டி அமைந்த ஊர் சிலிம் ரிவர். 1942 சனவரி 7ஆம் நாள் இங்கு நிகழ்ந்த போரால் வரலாற்று நூல்கள் இவ்வூரை அறியும். அப்படையெடுப்பில் ஜப்பானியக் காலாட்படையினர் மிதிவண்டிகளில் மலாயாவைக் கடந்து வந்தனர் என்பதும் பலரும் அறிந்ததே. ஆயினும், இவ்வட்டாரத்து மிதிவண்டியின் உண்மையான வரலாறு போர்க்களத்தில் இல்லை. கித்தாத் தோட்டங்களின் செம்மண் பாதைகளில் இருக்கிறது. லயத்திலிருந்து நிரைக்கும், நிரையிலிருந்து பால் நிறுக்கும் கொட்டகைக்கும், அங்கிருந்து கடைத்தெருவுக்கும் மக்களையும் சுமையையும் கொண்டுசென்றது மிதிவண்டியே.

அந்நாளைய வண்டிகளில் பெரும்பாலானவை இரும்புக்கோல் பிரேக் கொண்டவை. கைப்பிடியை அழுத்தினால் கோல்கள் மேலே இழுக்கப்படும். குதிரையேறுவோரின் மிதிவளையம் போன்ற சட்டம் ஒன்று, இரண்டு இரப்பர்க் கட்டைகளைச் சக்கர வளையத்தின் உட்புறத்தோடு சேர்த்து அழுத்தும். அந்தக் கட்டை எதனால் ஆனது என்பதை மாணவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். 1877ஆம் ஆண்டு கோலகங்சாரில் நடப்பட்ட கன்றுகள் தொடங்கிப் பேராக்கில் பரவிய மரத்தின் பாலே, கந்தகம் சேர்த்துப் பதப்படுத்தப்பட்டுப் பிரேக் கட்டையாயிற்று. பால் வெட்டியவர், தாம் வெட்டிய பொருளின் உராய்வை நம்பியே மேட்டிலிருந்து இறங்கினார் எனலாம்.

இன்று கித்தா நின்ற நிலங்களில் பெரும்பகுதி செம்பனைக்கு மாறிவிட்டது. தோட்டத்தை விட்டு நகர்ப்புறங்களுக்கு வந்த முதியோர் பலருக்கு இருசக்கர வண்டியில் சமநிலை காப்பது இயலாததாகி வருகிறது. முழங்கால் வலியும் தலைச்சுற்றலும் உள்ளவர்க்கு, விழாத வண்டி ஒன்று மீண்டும் கடைக்கும் கோவிலுக்கும் போய்வரும் உரிமையைத் தரும். வெளிநாட்டு வண்டியை வாங்குவது எளிதன்று. பழைய மிதிவண்டிகள் இரண்டும் இரும்புக்குழாயும் பற்றவைக்கும் கருவியும் இருந்தால் ஒன்றைச் செய்துவிடலாம். சட்டத்தைச் செய்வதில் பெரும்பாலோர் வெற்றி பெறுகின்றனர். தடுமாற்றம் நேர்வது பிரேக்கில்தான்.

பிரேக் என்னும் சொல்

நம் மக்கள் ‘பிரேக்’ அல்லது ‘பிரேக்கு’ என்றே வழங்குகின்றனர். மலாயிலும் அதே ஒலியே. தமிழில் ‘தடை’, ‘தடுப்பி’, ‘நிறுத்தி’ முதலான சொற்கள் முன்மொழியப்பட்டுள்ளன. ‘தடை’ என்பது மின்னியலில் வேறு பொருளில் நிலைபெற்றுவிட்டது. ‘நிறுத்தி’ அழகிய சொல். எனினும் கருவியின் பணிகளுள் ஒன்றை மட்டுமே அது சுட்டுகிறது. பெயர் எதுவாயினும், அக்கருவி செய்யும் தொழில்களை வினைச்சொற்களால் பிரித்தறிவதே பயனுடையது என்பது நம் கருத்து.

பிரேக் மூன்று தொழில்களைச் செய்கிறது. முதலாவது, நிறுத்தல்: ஓடும் வண்டியைக் குறுகிய தொலைவில் நிற்கச் செய்தல். இரண்டாவது, தணித்தல்: இறக்கத்தில் வேகம் மிகாமல் நெடுநேரம் கட்டுப்படுத்தல். மூன்றாவது, பிடித்துவைத்தல்: நின்ற வண்டியை உருளாமல் காத்தல். நிறுத்தலுக்கு வேண்டுவது விசை; தணித்தலுக்கு வேண்டுவது வெப்பத்தைத் தாங்கும் ஆற்றல்; பிடித்துவைத்தலுக்கு வேண்டுவது கையை எடுத்தபின்னும் விடாத பூட்டு. மலிவாகப் பிரேக் அமைக்க முயல்வோர் முதல் தொழிலை மட்டும் நினைத்து மற்ற இரண்டையும் மறந்துவிடுகின்றனர். ஒரு சொல்லுக்குள் மூன்று தொழில்கள் மறைந்து நிற்பதே இதற்குக் காரணம்.

சாய்வண்டியின் அமைப்பு

இருக்கையில் சாய்ந்தமர்ந்து, கால்களை முன்னே நீட்டி மிதிக்கும் வண்டியைச் ‘சாய்வண்டி’ என்று அழைப்போம். இவ்வகை புதியதன்று. 1933ஆம் ஆண்டு சூலை 7ஆம் நாள் பாரிசு நகரில், சார்லசு மோஷே வடிவமைத்த இருசக்கரச் சாய்வண்டியில் பிரான்சிசு ஃபோர் ஒரு மணி நேரத்தில் 45.055 கி.மீ. கடந்தார். மறு ஆண்டே பன்னாட்டு மிதிவண்டி ஒன்றியம் பந்தய மிதிவண்டிக்கு வரையறை வகுத்து, இவ்வகையைப் போட்டியிலிருந்து விலக்கியது. அதன்பின் சாய்வண்டி பெரும்பாலும் ஆர்வலர்களின் பட்டறைகளில் வளர்ந்தது.

மூன்றுசக்கரச் சாய்வண்டிகளில் பலரும் விரும்புவது முன்னே இரண்டு, பின்னே ஒன்று என்னும் அமைப்பு. பினாங்கில் பயணியை முன்னே அமர்த்தி ஓட்டப்படும் பெச்சாவும் இதே அமைப்புடையதே. இதில் பிரேக்கைப் பொறுத்து மூன்று தனித்தன்மைகள் உள்ளன.

முதலாவது, முன்சக்கரங்கள் ஒரு பக்கம் மட்டுமே தாங்கப்படுகின்றன. இருசக்கர வண்டியின் முன்சக்கரத்தை இருபுறமும் கவை பிடித்திருக்கும். வளையத்தை இருபுறமும் கவ்வும் பிரேக்கை அக்கவையில் பொருத்தலாம். சாய்வண்டியின் முன்சக்கரமோ உட்புற அச்சு ஒன்றில் தொங்குகிறது. திருப்பங்களில் அது பக்கவாட்டில் சிறிது வளையவும் செய்யும். எனவே வளையப் பிரேக் அங்குப் பொருந்தாது; சக்கரத்தின் நடுவே அமையும் டிரம் பிரேக்கோ தட்டுப் பிரேக்கோதான் வழி.

இரண்டாவது, எடையில் பெரும்பங்கு முன்சக்கரங்களின் மீது அமர்கிறது. பிரேக் பிடிக்கும்போது அப்பங்கு மேலும் கூடும். பின்சக்கரத்தில் மட்டும் பிரேக் வைத்தால், சுமை குறைந்த அச்சக்கரம் எளிதில் சறுக்கும். வண்டியின் பின்புறம் பக்கவாட்டில் திரும்பிவிடும். ஆதலின், நிறுத்தும் பணி முன்சக்கரங்களுக்கே உரியது.

மூன்றாவது, காலைப் பயன்படுத்த இயலாது. பிரேக் அறுந்தபோது இரப்பர்ச் செருப்பை முன்சக்கரத்தின் மேல் வைத்து வேகத்தைக் குறைக்கும் பழக்கத்தை நம்மில் பலர் அறிவோம். காற்றடைத்த சக்கரம் பரவுவதற்கு முன்னர்ப் பழைய வண்டிகளில் இருந்த கரண்டிப் பிரேக்கும் இதே முறையிலானதே. சாய்வண்டியிலோ மிதியிலிருந்து நழுவிய கால் தரையில் ஊன்றினால், முன்னேறும் வண்டி அக்காலைக் குறுக்குச் சட்டத்தின் கீழ் இழுத்துவிடும், எலும்பு முறியும். காலை மிதியோடு இணைக்கும் வார் இவ்வண்டியில் இன்றியமையாதது. கை பிரேக் தவிர வேறு புகலிடம் இல்லை.

நிறுத்தல்: விசையின் கணக்கு

ஓட்டுநர் 70 கிலோ, வண்டி 20 கிலோ, ஆக 90 கிலோ என்று கொள்வோம். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் இதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 3,125 ஜூல். 15 கி.மீ. வேகத்தில் அது 781 ஜூல் மட்டுமே. வேகம் இருமடங்கானால் ஆற்றல் நான்மடங்காகிறது. அதை முழுதும் வெப்பமாக மாற்றுவதே பிரேக்கின் வேலை.

புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதியளவு வேகத்தணிப்பு நல்ல பிரேக்கின் அடையாளம் எனலாம். அவ்வாறாயின் 15 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க ஏறத்தாழ 1.8 மீட்டரும், 30 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க 7.1 மீட்டரும் வேண்டும். ஆபத்தைக் கண்டு கை இயங்குவதற்கு ஒரு நொடி ஆனால், அதற்குள் மேலும் 8.3 மீட்டர் கடந்துவிடும். பிரேக்கின் திறன் பாதியானால் நிற்கும் தொலைவு 7.1 மீட்டருக்கு மாறாக 14.2 மீட்டராகும். லாரிகள் விரையும் சாலைச் சந்திப்பில் அந்த ஏழு மீட்டர் பெரிய தொலைவு.

இத்தணிப்புக்கு வேண்டிய மொத்த விசை 441 நியூட்டன். இரு முன்சக்கரங்களும் பகிர்ந்துகொண்டால், சக்கரம் ஒன்றுக்கு ஏறத்தாழ 220 நியூட்டன். 20 அங்குலச் சக்கரத்தின் ஆரம் 0.25 மீட்டர் என்றால், அச்சில் எழும் திருப்புவிசை 55 நியூட்டன் மீட்டர். இதனை அடக்கும் உராய்வுப் பரப்பு அச்சுக்கு அருகில் இருந்தால் மிகுந்த விசை வேண்டும். தொலைவில் இருந்தால் சிறிது விசை போதும். 70 மி.மீ. விட்டமுள்ள டிரம்மில் உராய்வு விசை ஏறத்தாழ 1,570 நியூட்டன், 90 மி.மீ. டிரம்மில் 1,225, 160 மி.மீ. தட்டில் ஏறத்தாழ 790. நெம்புகோலைப் பற்றிய பாடத்திற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு அரிது.

இக்கணக்கு ஓர் உண்மையையும் உணர்த்துகிறது. 26 அங்குலச் சக்கரமாயின் அதே நிறுத்தத்திற்குத் திருப்புவிசை 73 நியூட்டன் மீட்டராக உயரும். முன்னே சிறிய சக்கரம் வைப்பவர், வேறு செலவின்றியே பிரேக்கை வலிமைப்படுத்துகிறார்.

தணித்தல்: வெப்பத்தின் கணக்கு

தட்டு ஒன்றின் எடை 110 கிராம் என்று வைத்துக்கொண்டால், மேலே கூறிய நிறுத்தம் ஒவ்வொன்றும் அதன் வெப்பநிலையை ஏறத்தாழ 30 பாகை உயர்த்தும். அது விரைவில் ஆறிவிடும். நெடிய இறக்கமோ வேறு வகையானது. கேமரன் மலையிலிருந்து தாப்பாவை நோக்கி ஒருவர் 1,000 மீட்டர் உயரம் இறங்கினால், விடுபடும் ஆற்றல் 8,82,000 ஜூல். முன் சொன்ன நிறுத்தத்தைப்போல் 280 மடங்கு. காற்றும் சாலையும் அதில் ஒரு பங்கை ஏற்கும். எஞ்சியதைப் பிரேக்கே ஏற்க வேண்டும். சூடேறிய டிரம் விரிவடைகிறது. உராய்வுப் பொருளின் பிடி தளர்கிறது. கைப்பிடியை முன்னிலும் ஆழமாக அழுத்தினாலும் வண்டி முன்போல் நிற்பதில்லை. இதனைப் ‘பிடிதளர்வு’ எனலாம். கடைத்தெருவில் நன்கு நிறுத்திய பிரேக், மலைச்சாலையில் கைவிடுவது இதனால்தான்.

தோட்டத்து மேடுகள் குறுகியவை; அங்கு வெப்பத்தைவிட மழையே பெரும்பகை. நனைந்த இரும்பு வளையத்தின் மீது இரப்பர்க் கட்டையின் பிடி வெகுவாகக் குறைந்துவிடும் என்பதை மழையில் பழைய வண்டி ஓட்டிய எவரும் அறிவர். டிரம் மூடிய அறை. நீரும் செம்மண்ணும் எளிதில் புகா. ஆகவே, தாழ்நிலப் பேராக்கின் மழைக்கும் சேற்றுக்கும் டிரம்மும், நெடிய மலையிறக்கத்திற்குக் காற்றில் ஆறும் தட்டும் ஏற்றவை என்று பொதுவாகக் கூறலாம்.

பிடித்துவைத்தல்

இருசக்கர வண்டியைச் சுவரில் சாய்த்துவிடலாம். மூன்றுசக்கர வண்டி தானாக நிற்கும். அதனாலேயே தானாக உருளவும் செய்யும். முதியவர் தாழ்ந்த இருக்கையிலிருந்து கையூன்றி எழும் கணத்தில் வண்டி நகர்ந்தால் அவர் விழுவார். எவருக்காக வண்டி செய்யப்பட்டதோ அவருக்கே அது தீங்காகும். ஓட்டும்போது விழாத வண்டி, இறங்கும்போது ஆளை வீழ்த்தலாகாது.

நல்வாய்ப்பாக, மூன்று தொழில்களுள் செலவு குறைந்தது இதுவே. பத்தில் ஒன்று சரிவில் 90 கிலோ வண்டியைப் பிடித்துவைக்க 88 நியூட்டன் போதும். பின்சக்கரம் இருபுறமும் தாங்கப்படுவதால், பழைய வண்டியின் வளையப் பிரேக்கை அங்குப் பொருத்தலாம். கைப்பிடியை அழுத்திய நிலையில் நிறுத்தும் கொக்கியோ தடித்த இரப்பர் வளையமோ சேர்த்துவிட்டால் பூட்டும் கிடைத்துவிடும்.

எதைச் செய்யலாம், எதை வாங்க வேண்டும்

இனி, செலவைக் குறைக்கும் வழிகளைக் காண்போம். முதலில் கைப்பட முழுதும் செய்யத்தக்க ஒன்று: பட்டைப் பிரேக். சக்கரத்தோடு சுழலும் உருளையைச் சுற்றி, உராய்வுப்பட்டை ஒட்டிய எஃகுத் தகடு ஒன்றை வளைத்து, ஒரு முனையைச் சட்டத்தில் கட்டி, மறுமுனையைக் கம்பியால் இழுப்பது. கட்டுத்தறியில் கயிற்றைச் சுற்றிப் பிடித்தால் சிறுவனும் காளையை நிறுத்துவான் அல்லவா? அதே தத்துவம். உராய்வுக் கெழு 0.3 ஆகவும் சுற்று முக்கால் வட்டமாகவும் இருந்தால், இரு முனைகளின் இழுவிசைகளுக்கிடையே நான்கு மடங்கு வேறுபாடு எழும். 1970களில் ஆக்சுபோர்டில் சுடூவர்ட் வில்சன் முதலியோர், ஆசிய நாடுகளின் ரிக்‌ஷாக்களுக்கு மாற்றாக வடிவமைத்த ‘ஆக்சுடிரைக்’ என்னும் வண்டியில் காலால் இயக்கும் பட்டைப் பிரேக்கையே அமைத்தனர். ஆனால் இதற்கு ஒரு குறை உண்டு. உருளை எதிர்த்திசையில் சுழன்றால் அதே இழுப்புக்குக் கிடைக்கும் பிடி நான்கில் ஒரு பங்காகிவிடும். மேட்டை நோக்கி நிறுத்திய வண்டி பின்னோக்கி உருள முயலும்போது இப்பிரேக் துணைசெய்யாது. தணித்தலுக்குக் கூடுதல் பிரேக்காகப் பின்சக்கரத்தில் வைக்கலாமே அன்றி, இதனை மட்டும் நம்புதல் தகாது.

முன்சக்கரங்களுக்கு மூன்று வழிகள் உள்ளன. ஒன்று, ஒருபக்க அச்சுக்கென்றே செய்யப்படும் மிதிவண்டி டிரம். பழைய இங்கிலாந்து நிறுவனமான சுடர்மி ஆர்ச்சர் 2000ஆம் ஆண்டு தைவானின் சன்ரேசு நிறுவனத்தின் கைக்கு மாறியது. 70, 90 மி.மீ. அளவுகளில் இவ்வகை டிரம்களை அது விற்கிறது. இரண்டு, பழைய மிதிவண்டியின் தட்டுப் பிரேக்கை எடுத்துப் பொருத்துவது. மூன்று, கப்சாய் மோட்டார்ச் சைக்கிளின் டிரம். சிறு கப்சாய்களில் இது ஏறத்தாழ 110 மி.மீ. விட்டமுடையது, உராய்வு விசை 1,000 நியூட்டன் அளவே போதும், எந்தச் சிற்றூர்ப் பட்டறையிலும் இதற்குக் கட்டை கிடைக்கும். எடை மிகுதி என்பதே இதன் குறை. பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் கலந்திருக்கக்கூடும். அத்தூளை ஊதுவதும் உலர்வாகத் தேய்ப்பதும் கூடாது.

இவற்றுள் எதைத் தேர்ந்தாலும் ஒரு வரம்பை நாம் வகுத்துக்கொள்ள வேண்டும். தாங்கும் உறுப்புகளைக் கைப்பட செய்யலாம். உராயும் உறுப்புகளையும் இழுக்கும் உறுப்புகளையும் வாங்கவே வேண்டும். பிரேக்கைச் சட்டத்தோடு பிணைக்கும் இரும்புத் தகடு, கைப்பிடிப் பொருத்து, நிறுத்துக் கொக்கி ஆகியன முன்வகை. இவற்றைத் தடித்த எஃகில் செய்து, நன்கு பற்றவைத்து, கண்ணால் ஆராயலாம். கட்டை, தட்டு, டிரம், கம்பி, கம்பியின் உறை ஆகியன பின்வகை. டயர்த் துண்டை அறுத்துச் செய்த கட்டை சூட்டிலும் நீரிலும் எவ்வாறு நடக்கும் என்பதைப் பார்த்து அறிய இயலாது.

கம்பியைப் பற்றித் தனியே கூற வேண்டும். 1896இல் காப்புரிமை பெற்ற பௌடனின் கம்பியே இன்றும் நம் பிரேக்குகளை இயக்குகிறது. பிரேக்குக்கான உறை, சுருளாகச் சுற்றிய எஃகால் ஆனது. கியர்க் கம்பியின் உறை பெரும்பாலும் நீளவாக்கில் அடுக்கிய மென்கம்பிகளால் ஆனது. தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கியர் உறையைப் பிரேக்கில் பயன்படுத்தினால், வலுவாக அழுத்தும் அந்த ஒரு கணத்தில் அது பிளந்துவிடும். கைப்பிடியும் பிரேக்கும் பொருந்துவதும் இன்றியமையாதது. நெடுங்கை வளையப் பிரேக்குக்கான கைப்பிடி கம்பியை நீளமாக இழுக்கும். டிரம்முக்கான கைப்பிடி குறைவாக, ஆனால் வலிமையாக இழுக்கும். மாற்றிப் பொருத்தினால் கை உணர்வது ஒன்று, சக்கரம் பெறுவது வேறொன்று.

இறுதியாக, இரு முன் பிரேக்குகளும் ஒன்றையொன்று சாராதிருக்க வேண்டும். இடக்கை இடச்சக்கரத்தையும், வலக்கை வலச்சக்கரத்தையும் ஆள்வது எளிய முறை. ஒரு கம்பி அறுந்தாலும் மற்றது எஞ்சும். அப்போது வண்டி ஒரு பக்கம் இழுக்காதிருக்க, சக்கரம் திரும்பும் அச்சின் நீட்சி, டயர் தரையைத் தொடும் இடத்தில் வந்து சேருமாறு சட்டத்தைச் சாய்த்து அமைக்க வேண்டும். இது பிரேக்கின் பணி போலத் தோன்றாது. ஆயினும் ஒற்றைப் பிரேக்கில் நேராக நிற்கும் வண்டியை இதுவே தருகிறது.

வகுப்பறையில் சோதனை

தமிழ்ப்பள்ளிகளின் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்னும் பாடத்திலும் அறிவியல் பாடத்திலும் ஆசிரியர்கள் இதனை எடுத்தாளலாம். மூன்று தொழில்களுக்கும் மூன்று சோதனைகள். பிடித்துவைத்தலுக்கு: ஆளேறிய வண்டியைச் சரிவில் முன்னோக்கியும் பின்னோக்கியும் நிறுத்திப் பூட்டிவிட்டுக் கையை எடுத்தல். நிறுத்தலுக்கு: வண்டிகள் வராத திடலில், தலைக்கவசத்தோடு, முதலில் நடைவேகத்திலும் பின்னர் 15 கி.மீ. வேகத்திலும் ஓட்டிச் சுண்ணக்கோட்டில் பிரேக் பிடித்து, நின்ற தொலைவை அளத்தல். பிறகு சக்கரங்களில் நீர் ஊற்றி மீண்டும் அளத்தல். இடப்பிரேக் மட்டும், வலப்பிரேக் மட்டும் என்று தனித்தனியே அளத்தல். தணித்தலுக்கு: சிறு இறக்கத்தில் பலமுறை இறங்கிக் கைப்பிடி ஆழ்ந்து செல்கிறதா என்று நோக்குதல். மிதிவண்டிகளுக்கான பன்னாட்டுத் தரமாகிய ஐ.எஸ்.ஓ. 4210, உலர்ந்த நிலையிலும் நனைந்த நிலையிலும் பிரேக்கைச் சோதிக்கச் சொல்கிறது. நம் சோதனை அதற்கு ஈடாகாது எனினும், அதன் அறிவை மாணவர்க்கு ஊட்டும்.

அளந்ததை மாணவர்கள் தமிழில் எழுதட்டும். ‘பிரேக் சரியில்லை’ என்று எழுதுபவனுக்கு எதைத் திருத்துவது என்று தெரியாது. ‘நிறுத்துகிறது, ஆனால் பிடித்துவைக்கவில்லை’ என்றோ, ‘உலர்ந்தபோது நிறுத்துகிறது, நனைந்தபோது சறுக்குகிறது’ என்றோ எழுதுபவனுக்கு அடுத்த வேலை அவ்வரியிலேயே தெரிந்துவிடும். பிரேக் என்னும் சொல்லை நாம் கடன் வாங்கியிருக்கலாம். நிறுத்து, தணி, பிடி, சறுக்கு, தளர் என்னும் வினைகள் நம்முடையவை. அவற்றைக் கூர்மையாகக் கையாளும் மாணவன் செய்யும் வண்டியில், அவனுடைய தாத்தா அச்சமின்றி அமர்ந்து கடைத்தெருவுக்குச் செல்லலாம்.